‘புட் அப்’ செய்த கூத்து

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சும்மா கிடந்ததில் பதில் தள்ளிப் போய்விட்டது. இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. உன் கையெழுத்துதான் இன்னும் தெளியவில்லை, அதற்கு எந்த மருத்துவரிடமும் மருந்து கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டாயே, சந்தோஷம். வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’ ஒட்டிவரும் சொற்களை இறந்த காலத்தில் எழுதிப் பார்த்து, கடிதத்தின் கடைசியில் எனக்குத் திருத்தக் கொடுத்திருந்த வாக்கியங்களைப் பார்த்தேன். “தே புட்டட் ஆஃப் த மீட்டிங்”, “ஹி கிவ் அப்ட்”. முதலாவது சாதாரணத் தவறு. ‘புட்’ என்ற சொல் இறந்த காலத்திலும் ‘புட்’தான், ‘கட்’, ‘செட்’ மாதிரி. இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. காலத்தைக் கொண்டுபோய் ‘அப்’பின் வாலில் கட்டியிருக்கிறாய் பார், அங்கேதான் உனக்குள் இருக்கும் தமிழ் பேசுகிறது.

யோசித்துப் பார். நாம் ‘தள்ளிப் போட்டார்கள்’ என்கிறோம். ‘தள்ளி’ அப்படியே நிற்கிறது. போட்டார்கள், போடுகிறார்கள், போடுவார்கள் என்று பின்னால் வருவதுதான் காலத்துக்கேற்ப மாறுகிறது. தீர்ந்துபோனது, விழுந்துவிட்டான், எல்லாம் இதே கதை. நமக்குக் காலம் கடைசியில் வரவேண்டும். ஆங்கிலக்காரன் முன்னால் இருக்கும் வினையிலேயே காலத்தைச் சொல்லி முடித்துவிடுகிறான். பின்னால் வரும் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ எதையும் தொடுவதில்லை. ‘கிவ் அப்’ என்பது ‘கேவ் அப்’ ஆகும், ‘பிரேக் டவுன்’ ‘ப்ரோக் டவுன்’ ஆகும், ‘டேக் ஆஃப்’ ‘டுக் ஆஃப்’ ஆகும். நீ மட்டும் தடுமாறவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்கூட ‘லாகின்ட்’ என்று சொல்கிறார்கள். அது ‘லாக்ட் இன்’.

பொருள் விஷயத்தில் நமக்கு இது புதிதே இல்லை. ‘கண்டுபிடி’ என்பதில் பார்ப்பதும் இல்லை, பிடிப்பதும் இல்லை. ‘கைவிடு’ என்பதில் கை எங்கே இருக்கிறது? கைவிட்டான் என்று பொருள்படும் ‘கேவ் அப்’ என்பதையும் அப்படியே முழுசாக விழுங்கிவிடு, பிரித்துப் பொருள் தேடாதே. 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனே அதன் முன்னுரையில், வினைக்குப் பின்னால் ஒட்டும் இந்தச் சிறுசொற்கள்தான் வெளியார்க்குப் பெரிய சிரமம் என்று சொல்லியிருக்கிறார். இவற்றுக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவியது 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்ற எழுத்தாளர் எழுதிய பிறகுதான். அந்தப் பெயரைத் தனக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். பெயரில்லாமலே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்கள்!

வாய்ப்பேச்சில் நடந்த கதையைச் சொல்லும்போது இவை இல்லாமல் ஒன்றும் நகராது. ‘எண்டட் அப்’ என்பதைப் பார். “ஐ எண்டட் அப் பேயிங் ஃபார் எவ்ரிஒன்” என்றால், கடைசியில் எல்லோருக்கும் நானே பணம் கொடுக்கும்படி ஆகிவிட்டது. நம் ‘ஆகிவிட்டது’ தாங்கும் அலுப்பு முழுவதையும் அந்த ‘எண்டட் அப்’ தாங்குகிறது. ‘இட் டர்ன்ட் அவுட்’ என்றால் ‘கடைசியில் பார்த்தால்’. “இட் டர்ன்ட் அவுட் ஹி வாஸ் ரைட்”: கடைசியில் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. ‘ரேன் அவுட் ஆஃப்’ இன்னும் வேடிக்கை. நமக்குத் தாள் தீர்ந்துபோகும். அவர்களுக்கு “வி ரேன் அவுட் ஆஃப் பேப்பர்”, தீர்ந்து நிற்பவர்கள் ‘நாம்’!

பின்னொட்டில் மட்டும் ஏமாந்துவிடாதே. பழைய வாத்தியாரை வழியில் எதிர்பாராமல் பார்த்தால் “ஐ ரேன் இன்டு ஹிம்”. அதையே “ஐ ரேன் ஓவர் ஹிம்” என்று எழுதினால், அவர்மேல் வண்டியை ஏற்றிவிட்டதாக ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்ததாகிவிடும்.

இன்னொன்று, ‘அது’, ‘அவன்’ மாதிரிச் சொல் வந்தால் சிலவற்றில் நடுவில்தான் உட்காரும். “தே கால்ட் இட் ஆஃப்”, கூட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். “கால்ட் ஆஃப் இட்” என்று வரவே வராது. ஆனால் அவளைக் கவனித்துக்கொண்டான் என்னும் ‘லுக்ட் ஆஃப்டர் ஹெர்’ என்பதைப் பிரிக்க முடியாது. எது பிரியும், எது பிரியாது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதே. நான் செய்து பார்த்து மறந்தவன். முழு வாக்கியமாகக் காதில் வாங்கு, போதும்.

‘டிட்’ வந்தால் வினை பழையபடி மொட்டையாகிவிடும். “ஹி டிட் நாட் டர்ன் அப்”, அவன் வரவில்லை. இதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. ‘வந்தான்’ என்பதில் காலம் தெரிகிறது, ‘வரவில்லை’ என்பதில் ‘வர’ மொட்டையாகத்தானே நிற்கிறது?

கேட்கும்போது ‘பிக்ட் அப்’ என்று பிரிந்து காதில் விழாது, ‘பிக்டப்’ என்று ஒரே மூச்சாக ஓடும். அந்த ‘ட்’ சத்தத்தைத் தவறவிட்டால் நேற்று நடந்ததா, தினமும் நடப்பதா என்று குழம்பிப் போவாய். நாமோ நேர்மாறு, ‘பிக்கெடு அப்’ என்று அழுத்தி உடைத்துவிடுவோம்.

சரி, உன்னிடம் இத்தனை வருடமாக மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் நேர்முகத் தேர்வு நினைவிருக்கிறதா? எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார்கள். “ஐ புட் அப் வித் மை ஃப்ரெண்ட் ஃபார் டூ இயர்ஸ்” என்றேன். ‘புட் அப்’ என்றால் தங்குவது என்று எங்கேயோ படித்திருந்தேன். அதோடு ‘வித்’ சேர்ந்தால் சகித்துக்கொள்வது என்று ஆகிவிடும் என்பது யாருக்குத் தெரியும்? நண்பனை இரண்டு வருடம் பொறுத்துக்கொண்டேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு! பொருள் புரிந்ததே நாலைந்து வருடம் கழித்துத்தான். அப்புறம் யோசித்தால், விடியும்வரை விளக்கை எரியவிட்டுப் படித்த உன்னோடு இருந்தவன் சொன்ன அந்த வாக்கியத்தில் பெரிய தவறும் இல்லை.

மகளுக்கு வேலை மாறியிருக்கிறது. பேரன் நடக்க ஆரம்பித்து, விழுந்து, மறுபடியும் நடக்கிறான். மற்றபடி எல்லோரும் நலம். உன் மூட்டு வலி இப்போது எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் இலக்கணமாகவே கேட்டிருக்கிறாய்.

அடுத்த மாதம் நாலு நாள் உன் வீட்டுக்கு வரலாம் என்று இருக்கிறேன். ஒருவரைத் தன் வீட்டில் தங்க வைத்தால் “ஐ புட் ஹிம் அப்” என்று சொல்ல வேண்டும். நான் திரும்பிய பிறகு நீ எழுதும் கடிதத்தில் அது வருகிறதா, “ஐ புட் அப் வித் ஹிம்” வருகிறதா என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
சேகர்