ஆய்வுக்கூடம் நடத்துவோருக்கு: அந்த 'நெகட்டிவ்'வுக்குக் கீழே ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆய்வுக்கூட உரிமையாளர்களுக்கு,

வணக்கம். 26 ஆண்டுகள் இரத்த வங்கியில் சோதனைக் குழாயை ஆட்டிப் பார்த்தே பிழைத்தவன் எழுதுகிறேன்.

போன மாதம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஏழு மாதக் கர்ப்பிணி, கையில் தாளோடு அழுதுகொண்டு வந்தாள். அதில் இரண்டு 'நெகட்டிவ்'. ஒன்று இரத்த வகைக்கு எதிரே, இன்னொன்று 'ஐ.சி.டி.' (மறைமுக கூம்ஸ் சோதனை) என்பதற்கு எதிரே. "இரண்டுமே நெகட்டிவ் என்றால் பிள்ளை தங்காதா, மாமா?" என்றாள்.

முதலாவது அவளுடைய பிறவி வகை. இரண்டாவது நல்ல செய்தி. கணவர் பாசிட்டிவ் என்பதால் வயிற்றுப் பிள்ளையும் பாசிட்டிவாக இருக்கலாம். அதன் இரத்தம் தாயின் இரத்தத்தில் கலந்தால் அவள் உடல் எதிர்ப்பொருளை, அதாவது பிள்ளையின் சிவப்பணுக்களைத் தாக்கும் பொருளை, உண்டாக்கக்கூடும். இன்னும் உண்டாகவில்லை என்றுதான் அந்தத் தாள் சொன்னது.

1945இல் கேம்பிரிட்ஜில் கூம்ஸ், மோரன்ட், ரேஸ் மூவரும் தந்த சோதனை இது. இந்த எதிர்ப்பொருள் சிவப்பணுவில் ஒட்டும். ஆனால் இரண்டு அணுக்களை இழுத்துச் சேர்க்க அதற்குக் கை எட்டாது. தாயின் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஓ பாசிட்டிவ் அணுக்களோடு 37 டிகிரியில் வைத்து, உப்புநீரில் மூன்று முறையாவது கழுவி, மனித எதிர்ப்பொருளைப் பற்றிக்கொள்ளும் கூம்ஸ் சீரத்தை விட்டால் அது அணுக்களுக்கு இடையே பாலமாகிவிடும். சுழற்றி எடுத்த குழாயை வெளிச்சத்தில் சாய்த்து மெல்ல அசையுங்கள். பாசிட்டிவ் என்றால் அடியிலிருந்து திப்பி திப்பியாகக் கிளம்பும். நெகட்டிவ் என்றால் புகைபோலக் கரையும். கழுவுவதில் சோம்பினால் மிஞ்சிய சீரமே கூம்ஸ் சீரத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். பாசிட்டிவும் கரைந்தே தெரியும். நெகட்டிவ் குழாயில், எதிர்ப்பொருள் ஏற்கெனவே ஒட்டிய கட்டுப்பாட்டு அணுக்களை விட்டு, அவை திரண்டதைப் பார்த்த பிறகுதானே எழுதுகிறீர்கள்? கேட்பதற்குக் கோபிக்க வேண்டாம்.

இன்னொன்று: தாயின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டபின் சோதித்தால் ஊசி மருந்தே பாசிட்டிவ் காட்டும். ஊசி எப்போது போட்டார்கள் என்று கேட்டு எழுதாத அறிக்கையை வைத்துக்கொண்டு மருத்துவர் என்ன செய்வார்?

அந்தப் பெண் வந்தது 28ஆம் வாரத்தில், அதாவது ஊசிக்கு உரிய வாரத்தில். பயந்துபோய் வீட்டோடு இருந்திருந்தால் அது தவறியிருக்கும். அவள் தாளின் அடியில் நானே பேனாவால் எழுதிக் கொடுத்தேன்: "எதிர்ப்பொருள் இல்லை. ஆன்டி-டி ஊசி பற்றி உடனே மருத்துவரிடம் கேட்கவும். பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் போட வேண்டும்."

இதை அச்சிட அரை அங்குல இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இரத்த வங்கித் தொழில்நுட்பர்