தண்ணீர் தயாராகட்டும், பாப்பா

பாப்பாவுக்கு,

உன் புதுக் கடல் மீன் தொட்டிக்கு நீ அனுப்பிய மீன் பட்டியலைப் பார்த்தேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே 'மீட்டிங் வந்துடுச்சுப்பா' என்பாய். அதனால் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்தச் சனிக்கிழமை தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை மீனா? வண்ண மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் வளர்ந்த பெண் கேட்கிற கேள்வியா இது? தொட்டி வாங்கிய கையோடு மீனும் கேட்கிறவர்களிடம் 'அண்ணே, தண்ணி செட் ஆகட்டும், அப்புறம் வாங்க' என்று பாவாடை சட்டையில் நின்றுகொண்டு சொன்னவள் நீ. கப்பி, மோலி மாதிரி நல்ல தண்ணீர் மீன் என்றால் கூட ஏதோ சமாளிக்கலாம். கடல் தொட்டியில் அந்த விளையாட்டெல்லாம் நடக்காது. மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியா ஆகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இந்த இரண்டும் பாறையிலும் மணலிலும் ஒட்டிப் பெருக நாலு வாரம், சில சமயம் ஆறு வாரம் பிடிக்கும். கடல் தண்ணீரின் காரத்தன்மை, அதாவது பிஎச், 8.1 வாக்கில் நிற்பதால் அதே அளவு அம்மோனியா நம் ஊர்த் தண்ணீரில் இருப்பதைவிட அதிகமாகக் கொல்லும். வெறும் தொட்டியில் உரித்த இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுக விடு. டெஸ்ட் கிட்டில் அம்மோனியா ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். நடுவில் மணல் மேல் காவி நிறத்தில் பாசி படியும், பயப்படாதே, தானாகப் போகும்.

தொட்டி மூன்றடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை என்கிறாய். 180 லிட்டர் பிடிக்கும், அதாவது தண்ணீரே 180 கிலோ. கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் 250 கிலோவைத் தாண்டும். மூன்றாவது மாடிக்கு அந்தத் தொட்டியை யார் தூக்கினார்கள்? மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடித்தாரா? படத்தில் நீ மட்டும் நிற்கிறாய். எடுத்தது அவராக இருக்கும் என்றேன். அது செல்ஃபி என்கிறாள் அம்மா.

ரசமட்டம் வைத்துப் பார்த்தாயா? ஒரு பக்கம் சாய்ந்தாலும் நாளைக்கு சிலிக்கான் பேஸ்ட் விட்டுக்கொள்ளும். தண்ணீர் நிரப்பிவிட்டால் நகர்த்த முடியாது. வாடகை வீடு வேறு. அக்ரிமென்ட் எப்போது முடிகிறது, யார் பேரில் இருக்கிறது என்று ஒரு தரம் எடுத்துப் பார். தொட்டிக்காகத்தான் கேட்கிறேன்.

'காசிமேட்டிலிருந்து கேனில் கடல் தண்ணி அனுப்புங்கப்பா' என்று எழுதியிருந்தாய். விளையாட்டுக்கென்றே வைத்துக்கொள்கிறேன். துறைமுகத் தண்ணீரில் டீசல் மிதக்கும். எண்ணூர்ப் பக்கம் பேச்சே எடுக்காதே. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டி, கரையில் வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் முழுக்க எண்ணெய். அந்தத் தண்ணீரையா உன் மீனுக்கு ஊற்றுவது? ஆர்.ஓ. தண்ணீரில் ரீஃப் உப்பைக் கரைத்துக்கொள், லிட்டருக்கு 35 கிராமுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். டிரம்மில் மோட்டார் போட்டு ஒரு நாள் ஓட விட்டு, உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 வந்ததும் ஊற்று. நீ டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டுகிற படம் அனுப்பினாயே, அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறேன். பெங்களூரில் போர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவருவது சும்மா இல்லை.

தினமும் தொட்டித் தண்ணீர் ஆவியாகும். தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே இருக்கும். அதனால் குறைந்த அளவுக்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். இதை ஒரு நாள் விட்டாலும் தெரியும். ஆபீஸ் வேலையாக நீ புனே போகும் வாரத்தில் யார் ஊற்றுவார்கள்? கரண்ட் போனால் யார் பேட்டரி ஏர் மோட்டாரைப் போடுவார்கள்? அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாயா?

பவளத்துக்கு வருகிறேன். இதில் மட்டும் அப்பா சொல்வதைக் கேள். கல் பவளம் எவன் கொண்டுவந்து கொடுத்தாலும் தொடாதே. பாறை கட்டும் பவளம் மொத்தமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். கடல் விசிறியும் அதில் உண்டு, கடல் குதிரையும் உண்டு. 'செத்த பவளம்தானே மேடம்' என்று பாறையாக விற்பான், அதுவும் கூடாது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு காலத்தில் வண்டி வண்டியாக வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோனார்கள், அதற்கப்புறம்தான் இவ்வளவு கெடுபிடி. செயற்கைப் பாறை வாங்கி அடுக்கு. பிறகு கல் கூடு இல்லாத காளான் பவளமோ பட்டன் பாலிப்போ கேட்டு வாங்கு, இறக்குமதி ரசீதோடு. பட்டன் பாலிப்பை வெறும் கையால் தொடாதே, சிலவற்றில் கடும் விஷம். அந்தப் பாறையை வெந்நீரில் போட்டுக் கழுவவே கூடாது, ஆவியே ஆளைப் படுக்கவைக்கும்.

உன் பட்டியலில் நீல டேங் மீனை அடித்துவிட்டேன். ஓர் அடி வரை வளரும், மூன்றடித் தொட்டியில் அது என்ன செய்யும்? மாண்டரின் மீனையும் அடித்துவிட்டேன், பாறையில் ஊரும் பொடிப் பூச்சியைத் தவிர பெரும்பாலும் எதையும் தொடாமல் பட்டினி கிடந்து சாகும். டாம்செல் அடிதடிக்காரன். மிச்சம் இருப்பது நத்தை, ஒரு கிளீனர் இறால், ஒரு ஜோடி கிளவுன் மீன். முதலில் நத்தை, இரண்டு வாரம் கழித்து கிளவுன், அப்புறம் இறால். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிடாதே, நத்தையும் இறாலும் செத்துப்போகும். மீனைத் தனி டப்பாவுக்கு மாற்றி வைத்தியம் செய்.

கிளவுன் பண்ணையில் பொரித்ததாகக் கேள். மண்டபத்து ஆராய்ச்சி நிலையத்தார் அதைப் பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டி வெகுகாலம் ஆகிறது. கடலில் பிடித்ததைவிடத் தீனி நன்றாக எடுக்கும். ஒன்று பெரியதாக, ஒன்று சின்னதாகப் பார்த்து எடு. எல்லாம் ஆணாகப் பிறப்பதுதான், பெரியது பெண்ணாக மாறிவிடும். ஒரே அளவில் இரண்டு பெரியதை விட்டால் எது பெரிது என்று செதில் உதிரச் சண்டை போடும். அப்படிப் போட்டால் நடுவில் தடுப்பு வைத்துக் கொஞ்ச நாள் பிரித்து வைக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. சில ஜோடி அப்புறம் சேரும், சிலது சேராது. சேராததைக் கட்டாயப்படுத்தி ஒரே தொட்டியில் வைக்க வேண்டியதில்லை.

மீனைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர் ராத்திரி முழுக்கக் கொர்ரென்று சத்தம் போடும், படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்காதே. 'வீட்ல ஏதாவது சத்தம் இருந்தா நல்லா இருக்கும்பா' என்று போன மாதம் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு மோட்டார் கம்பெனிப் பெயர் கேட்டாய், சொன்னேன். நீ தொட்டி வாங்கிய விஷயமே பெரம்பூர் அத்தை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் ராத்திரி பதினொரு மணிக்கு போன் பேச நேரம் இருக்கிறது. வேறு என்ன பேசினீர்கள் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். அவள் வாயைத் திறக்காத விஷயம் ஒன்று உண்டு என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. தம்பி பாஸ் பண்ணிவிட்டான். மழைக்கு முன்னால் கடைக் கூரை ஓடுகளை மாற்ற வேண்டும்.

அவசரப்படாதே. மீன் எங்கேயும் போய்விடாது. தண்ணீர் பார்க்க இந்த மாதக் கடைசியில் நானே வருகிறேன், நைட்ரைட் அளவை என் கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. நாலு நாள் இருப்பேன், வேண்டுமென்றால் பத்து நாள். கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான். மாப்பிள்ளை வீட்டில் இருப்பார் என்றால் அவருக்குப் பிடித்த வஞ்சிரக் கருவாடு கொண்டுவருகிறேன், இல்லையென்றால் உனக்கு நெத்திலி. எதைக் கட்டச் சொல்வது என்று அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போடு. நான் வருவதைச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதையும் அதிலேயே எழுதிவிடு.

அப்பா