வியன்னாவில் போஸ்டர் ஒட்டிய மகளுக்கு

பீடோங், கெடா
மே 11

அன்புள்ள தேவி,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. தம்பிக்குக் கூலிமில் வேலை நிரந்தரமாகிவிட்டது. பெரியம்மா வீட்டு விவகாரம் அப்படியேதான் கிடக்கிறது, எழுதினால் எனக்குத்தான் பிரஷர் ஏறும். பாட்டி பால் வெட்டிய நிரையில் இப்போது ஒரு ரப்பர் மரமும் இல்லை, முழுக்கச் செம்பனை.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ லீட்ஸ் திரும்பி மூன்று வாரமாகிறது என்று தம்பி சொன்னான். அவனுக்குச் செய்தி வருகிறதே, அது போதும். எனக்கும் சும்மா உட்கார நேரமில்லை, கோயில் கமிட்டிக் கணக்கு என் தலையில்தான்.

வியன்னா மாநாட்டில் உன் ஆராய்ச்சியைப் படமும் எழுத்துமாகப் போஸ்டரில் ஒட்டுவதைப் பற்றி அன்றைக்கு நீ போனில் சொன்னபோது, “போஸ்டர்தானா? மேடையில் பேசலையா?” என்றது தெரிந்துகொள்ளக் கேட்டது. மகள் மாநாட்டில் பேசப்போகிறாள் என்று கோயிலில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன், அதனால் வந்த வார்த்தை. ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் கூட்டத்துக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கானவர்கள் வியன்னாவுக்கு வருகிறார்கள், பெரிய ஆட்களும் போஸ்டர் பக்கத்தில் நின்றுதான் பேசுவார்கள் என்று தம்பி விளக்கினான். அதை நீயே சொல்லியிருக்கலாம். “சரிப்பா” என்று வைத்துவிட்டாய்.

போஸ்டர் படத்தைப் போனில் விரித்து விரித்துப் பார்க்கிறேன். உன் பெயர், அடுத்து என் பெயர். நடுவில், இன்னாரின் மகள் என்று மலாயில் போடுகிற ‘அனாக் பெரெம்புவான்’ இல்லை. அங்கே உன்னை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாமே! ஆப்பிரிக்காவுக்கு அடியில் ஒன்று, பசிபிக்குக்கு அடியில் ஒன்று என்று இரண்டு பெரிய சிவப்புத் திட்டுகள். நிலநடுக்க அலை அங்கே மெதுவாகப் போகும் என்பதுவரை எனக்குப் புரிந்தது. ரஷ்யாக்காரன் கோலா என்ற இடத்தில் வருஷக்கணக்காகத் தரையைத் துளைத்தும் 12,262 மீட்டர்தான் இறங்க முடிந்தது. இங்கிருந்து சுங்கை பட்டாணி போகிற தூரம், அவ்வளவே. நீ அதைப்போல 200 மடங்குக்கும் மேல் ஆழத்தில் இருப்பதை அலையை வைத்தே படம் போடுகிறாய். டென்மார்க்கில் இங்கா லேமன் என்ற அம்மையாரும் அப்படித்தானாம். ஓட்ஸ் டப்பாக்களில் அட்டைகளை அடுக்கி வைத்துக் கணக்குப் போட்டு, பூமியின் நடுவில் இன்னோர் உருண்டை இருக்கிறது என்று 1936இல் சொன்னார். 104 வயது வரை இருந்தார். நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பார்.

இதையெல்லாம் படித்தபோதுதான் அந்த முட்டை ஞாபகம் வந்தது. உனக்கும் இருக்கும். நீ அப்போது நான்காம் படிவம். முன்வாசலில் டியூஷன். பச்சை முட்டையைத் தட்டில் உடைத்து, ஓடுதான் நாம் நிற்கிற தரை, வெள்ளைக்கரு மாதிரி கீழே எல்லாம் உருகிய பாறைக்குழம்பு என்று நடத்திக்கொண்டிருந்தேன். நீ உள்ளேயிருந்து வந்து, “இல்லைப்பா, 2,890 கிலோமீட்டர் வரைக்கும் பாறைதான். நிலநடுக்கத்துல வர்ற எஸ் அலை திரவத்துக்குள்ள போகாது, ஆனா அங்க போகுதே” என்றாய். அந்தப் பாறையே நகம் வளர்கிற வேகத்தில் நகருது என்றும் சொன்னாய். தோட்டத்திலிருந்து சைக்கிளில் வந்த பன்னிரண்டு பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். தட்டை உன் கையில் கொடுத்து, “போய் ஆம்லெட் போடு, உனக்கு அதுதான் வரும்” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்தான்.

மறுநாளே நூலகத்தில் தேடிப் பார்த்துவிட்டேன் தேவி. நீ சொன்னதுதான் சரி. அதற்கப்புறம் ஆறு வருஷம் டியூஷன் நடத்தினேன். வருஷா வருஷம் அதே முட்டை, அதே குழம்பு. மாற்றிச் சொன்னால், “இது அக்கா சொன்னதுதானே சார்” என்று எவனாவது கேட்டுவிடுவான் என்று பயம். எத்தனை பிள்ளைகள் இன்னும் காலுக்கடியில் குழம்பு கொதிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ.

அன்றைக்கு நீ நிஜமாகவே ஆம்லெட் போட்டு மூடி வைத்திருந்தாய். வெங்காயம்கூட நறுக்கிப் போட்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினேன்.

சரி. குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. போஸ்டரில் சிவப்புத் திட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கிறது, பெரிதாக்கினால் மங்கிவிடுகிறது. தெளிவான படம் ஒன்று அனுப்பு. தம்பிக்கு வேண்டாம், எனக்கே அனுப்பு.

அப்பா