கேட்டரிங் பசங்களுக்கு டிப்ஸ்: மாப்ளைக்கு ஒரு லெட்டர்

டேய் மாப்ள,

எப்படிடா இருக்க? உன் மெயில் வந்து பத்து நாளாச்சு, உடனே பதில் போடணும்னு தான் இருந்தேன், கல்யாணம் முடிஞ்ச வீடு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா, வாடகைச் சாமான திருப்பிக் குடுக்குறது, மொய் நோட்ட சரி பாக்குறது, பத்திரிகை வரலன்னு கோச்சுக்கிட்டவங்க வீட்டுக்குப் போய் அசடு வழியிறதுன்னே ஒரு மாசம் ஓடிருச்சு. சின்ன மக கல்யாணமாகி பெங்களூர் போயிட்டா. வீடு வெறிச்னு கெடக்கு. வீட்ல இன்னும் பழக்கதோஷத்துல மூணு டம்ளர் காபி போட்டுடுறா, மூணாவத வீணாக்கக் கூடாதுன்னு நானே குடிச்சிடுறேன், சுகர் 180ல நிக்குது, போன் பண்ணும்போது இத வீட்ல உளறிடாத.

பையன் கல்யாணத்த தை மாசம் நம்ம திருச்சிலயே வைக்கிறேன்னு எழுதிருந்த, ரொம்ப சந்தோஷம்டா. ஆனா கடைசி வரில கேட்ட பாரு ஒரு கேள்வி, ரிசப்ஷன்ல கேட்டரிங் ஆளுங்களுக்கு டிப்ஸ் எத்தன பர்சன்ட்னு. பர்சன்ட்டாம்! படிச்சுட்டு நானும் வீட்லயும் அரை மணி நேரம் சிரிச்சோம். முப்பது வருஷம் அமெரிக்கால, எடிசன்ல இருந்தா இப்படித்தான் ஆகும் போல.

உங்க ஊர்க் கணக்கு வேறடா. அங்க டிப்ஸ் வாங்குற வேலைக்கு மத்திய அரசு வச்சிருக்க கூலியே மணிக்கு 2.13 டாலர் தான, 1991லேந்து அதே தான் நிக்குது, டிப்ஸோட சேந்து 7.25 வரணும், வரலனா மொதலாளி போட்டுக் குடுக்கணும், உங்க ஸ்டேட்ல இதவிட ஜாஸ்தி. அதாவது சாப்புட வர்றவன் தான் பாதிச் சம்பளம் குடுக்குறான். இங்க காண்ட்ராக்டர் நம்மகிட்ட இலைக்கு இவ்வளவுன்னு பேசிடுவாரு, பசங்களுக்கு ஒரு நைட்டுக்கு இவ்வளவுன்னு ஏஜென்ட் மூலமா பேசிடுவாரு, நாம குடுக்குறது அதுக்கு மேல. எனக்கு ரிசப்ஷன் மட்டும் 850 இலை, இலை 380 ரூபா, கிட்டத்தட்ட மூணேகால் லட்சம். அதுல உங்க ஊர் மாதிரி 20 பர்சன்ட்னா 65 ஆயிரம், நீட்டுனா காண்ட்ராக்டர் அங்கயே மயக்கம் போட்டுருப்பாரு. எங்க சம்பந்தி இன்னும் ஒரு படி மேல, பில்லுல ஜிஎஸ்டி 5 பர்சன்ட் இருக்கறத பாத்துட்டு அதான் டிப்ஸயும் சேத்துப் போட்டுட்டாங்களேங்குறாரு, அது டெல்லிக்கும் சென்னைக்கும் போறது சம்பந்தின்னு வெளக்கி சொல்ல வேண்டியதாப் போச்சு.

குடுக்கணும்டா, கண்டிப்பா குடுக்கணும். ஆனா எவ்வளவுன்னு மண்டைய ஒடச்சிக்கிறதுக்கு முன்னாடி யார் கைல குடுக்குறோம்னு பாத்துக்கோ, நான் 5001 ரூபா கட்டி கத்துக்கிட்ட பாடம் இது.

ரிசப்ஷன் அன்னிக்கு ஆறு மணிலேந்து வாசல்ல நின்னு கும்பிட்டு கும்பிட்டு தோள்பட்டையே கழண்டு போச்சு, ஒன்பதரைக்குத் தான் கீழ சாப்பாட்டு ஹாலுக்குப் போனேன், நாலாவது பந்தி ஓடிட்டு இருக்கு. 24 பசங்க. கறுப்பு பேன்ட், வெள்ள சட்டை, மெரூன் கோட்டு, தலைல தொப்பி, கைல கிளவுஸ், அந்த கோட்டு பாலியஸ்டர் போல, முதுகு பூரா நனஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுல ஒருத்தன் ரசம் வாளியோட ஓடுறான், ஒவ்வொரு எட்டுக்கும் ஷூ குதிகால்ல கழண்டு டப் டப்னு தரைல அடிக்குது, ஆனா ஒரு சொட்டு சிந்தல, நான் பாத்துக்கிட்டே நின்னேன். மனசு கேக்காம மேல போய் மொய் கவர் ஒன்ன எடுத்து 5000 வச்சு, பழக்கத்துல ஒத்த ரூபா காசும் சேத்து, சூப்பர்வைசர கூப்புட்டு பசங்களுக்கெல்லாம் பிரிச்சுக் குடுத்துருங்க தம்பின்னு சொன்னேன். அவரு கண்ணுல ஒத்திக்கிட்டு கோட்டு உள்பாக்கெட்ல வச்சாரு. நானும் பெரிய மனுஷன் மாதிரி மேல ஏறிட்டேன்.

ராத்திரி பன்னெண்டு மணி இருக்கும், பெரியப்பா மகன பஸ் ஏத்திவிட சத்திரம் பஸ் ஸ்டாண்டு போனேன். பெஞ்சுல மூணு பசங்க அதே கறுப்பு பேன்ட்டோட உக்காந்துருக்கானுங்க. ஒருத்தன் ஷூவ கழட்டி உள்ளேந்து கசங்கிப்போன பேப்பர உருவிட்டு இருக்கான். அந்த ரசம் வாளி பையன். ஷூ அவன் அண்ணனோடதாம், கறுப்பு ஷூ இல்லாம வந்தா ஏஜென்ட் திருப்பி அனுப்பிடுவானாம். மூணு பேரும் துறையூர் பக்கம், பி.எஸ்சி ரெண்டாவது வருஷம், கடைசி பஸ் போயிருச்சு, காலைல நாலரைக்கு தான் அடுத்ததுன்னானுங்க. சாப்டீங்களாடான்னேன், சாப்டோம் சார்னானுங்க. சூப்பர்வைசர் குடுத்தாரான்னேன்.

"எத சார்?"

அவ்வளவுதான்டா, எனக்கு சப்புன்னு போச்சு. விசாரிச்சா ஒரு நைட்டுக்கு 500 பேச்சு, அதுல ஏஜென்ட் கமிஷன் 50, அந்த மீதியும் வர்ற ஞாயித்துக்கிழமை தான் கைக்கு வருமாம். என் பாக்கெட்ல சில்லறை தான் இருந்துது, ஜிபே பண்றேன்னு சொன்னா மூணு பேரும் ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாக்குறான், அப்புறம் அந்த ஷூ பையன் தான் நம்பர் சொன்னான். மூணு பேருக்கும் சேத்து 900 போட்டேன், நான் திரும்பி வண்டிகிட்ட வர்றதுக்குள்ள அவன் மத்த ரெண்டு பேருக்கும் முன்னூறு முன்னூறு தள்ளிவிட்டுட்டான், டிங் டிங்னு சத்தம் கேட்டுச்சு. மீதி 21 பேரு என்ன ஆனான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. மறுநாள் காண்ட்ராக்டர்ட்ட கேட்டதுக்கு, அது கூலியோட சேத்து குடுப்போம் சார்னு சிரிச்சாரு. குடுத்தும் இருக்கலாம்டா, நான் யாரையும் திருடன்னு சொல்ல வரல, ஆனா அந்தச் சிரிப்பு எனக்குப் புடிக்கல.

அதனால முகூர்த்தச் சாப்பாட்டுக்கு நானே எறங்கிட்டேன். மச்சினன அனுப்பி நூறு ரூபா நோட்டா மாத்தி, கடைசி பந்தி உக்காந்ததும் பின்பக்கத்துலேந்து ஆரம்பிச்சேன். நீ மண்டபத்துப் பின்பக்கம் போயிருக்கியா? நான் 57 வயசுல அன்னிக்கு தான் போறேன். ஆறு அம்மாங்க, அண்டாவும் குண்டானுமா மலை மாதிரி குமிஞ்சு கெடக்கு, சோப்புத் தண்ணி கணுக்கால் வரைக்கும் நிக்குது. ஒரு அம்மாட்ட ரெண்டு நோட்ட நீட்டுனேன், கை ரெண்டும் முழங்கை வரைக்கும் நுரை, வாங்க முடியல, என்னைய ஒரு பார்வை பாத்துட்டு குனிஞ்சு அந்த நோட்ட பல்லால கவ்விக்கிட்டு மறுபடி சாம்பார் அண்டாவ திருப்பப் போயிருச்சு. ஒரு வார்த்தை பேசல. போட்டோகிராபருக்கு ரெண்டு லட்சம் குடுத்தேன், இது ஆல்பத்துல கெடையாது.

சமையல் மாஸ்டருக்கு வீட்ல முறைப்படி தாம்பாளத்துல வெத்தல பாக்கு, வேட்டி துண்டு, 2000 ரூபா வச்சுக் குடுத்தா. அவரு நல்ல மனுஷன், எங்க கண்ணு முன்னாடியே ஹெல்பருங்கள கூப்புட்டு ஆளுக்கு முன்னூறு பிரிச்சாரு, நாலு பேருக்கும் குடுத்துட்டு மீதி எண்ணூற மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டாரு.

இதுல கூத்து என்னன்னா எங்க சித்தப்பா, உனக்குத் தெரியுமே, உறையூர்க்காரரு. ரிசப்ஷன் பந்தில உக்காந்த ஒடனே ஒரு பையன் பாக்கெட்ல 200 ரூபாவ சொருகிட்டாரு. அவன் என்ன பண்ணுவான் பாவம், அந்த வரிசையே கெதின்னு நிக்குறான், இவருக்கு மட்டும் மூணு வாட்டி பால் பாயாசம், எதுத்த வரிசைல சம்பந்தி வீட்டு ஆளுங்க அப்பளத்துக்கு கையத் தூக்கிட்டே உக்காந்துருக்காங்க. சம்பந்தியம்மா இன்னும் அதச் சொல்லிக் காட்டுறாங்க. அதுக்குத் தான் சொல்றேன், யார் குடுத்தாலும் கடைசில குடுக்கணும், மொதல்ல குடுத்தா அது லஞ்சம்.

இத எழுதும்போது தான் ஞாபகம் வருது, 1989, நாம செகண்ட் இயர், தில்லைநகர்ல ஒரு கல்யாணத்துக்குப் பரிமாறப் போனோமே, 15 ரூபாயும் சாப்பாடும். ஒரு பெரியவரு உன் சட்டைப் பாக்கெட்ல அஞ்சு ரூபா நோட்ட வச்சு கன்னத்துல தட்டிட்டுப் போனாரு, நீ மூஞ்செல்லாம் செவந்து, நான் என்ன பிச்சைக்காரனான்னு திருப்பிக் குடுக்க வாசல் வரைக்கும் ஓடுன, அதுக்குள்ள கார் கெளம்பிருச்சு. மூணு நாள் புலம்புன. அந்த அஞ்சு ரூபால தான் புரோட்டா தின்னோம், அது வேற விஷயம். அப்ப எனக்கு உன் கோவம் புரியல, எனக்கு வைக்கலையேன்னு தான் வருத்தமா இருந்துது. இப்ப யோசிச்சா அவரு காசு குடுத்தது தப்பில்ல, கன்னத்துல தட்டுனது தான் ஒனக்கு ஆகல. அதனால நான் முகூர்த்தத்தன்னிக்கு பாக்கெட்ல சொருகாம கைல குடுத்தேன், ரொம்ப நல்லா பாத்துக்கிட்டீங்க தம்பின்னு சொல்லிக் குடுத்தேன். வீடியோக்காரன் கேமராவ தூக்கிட்டு வந்தான், வேலையப் பாருடான்னு தொரத்திட்டேன்.

நீ பெரிய ஓட்டல்ல வச்சா என்னன்னு கேட்டிருந்த. வையி, ஆனா பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு ஒரு வரி இருக்கான்னு பாரு. அத தானா சேத்து வசூல் பண்ணக் கூடாதுன்னு 2022 ஜூலைல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு, ஓட்டல் சங்கங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 2025 மார்ச்ல டெல்லி ஐகோர்ட்டும் ஆணையம் சொன்னது சரிதான்னு தீர்ப்பு குடுத்துருச்சு. அதனால பேக்கேஜ் பேசும்போதே எதெது சேத்தின்னு எழுதி வாங்கிக்கோ, அந்த சார்ஜ் பசங்களுக்குப் போவுதான்னும் கேளு, மேனேஜர் எச்சில முழுங்குனார்னா புரிஞ்சிக்கோ. எனக்கென்னமோ மண்டபம் தான் தேவலன்னு தோணுது, ஓட்டல்ல பின்பக்கம் போகவே விட மாட்டான்.

மண்டபம்னா ஒரு வாரம் முன்னாடியே காண்ட்ராக்டர்ட்ட சொல்லிடு, பசங்களுக்கு நான் நேரா குடுப்பேன், அத கூலில கழிக்கக் கூடாதுன்னு. எத்தன தலைன்னு எழுதி வாங்கு, பரிமாறுறவங்க, மாஸ்டர், ஹெல்பர், பாத்திரம் கழுவுறவங்க, எலை எடுக்குறவங்க, இந்த எலை எடுக்குறவங்கள நான் முகூர்த்தத்துல மறந்தே போனேன், அவங்க மண்டபத்து ஆளுங்கன்னு நெனச்சு விட்டுட்டேன், சாயங்காலம் மண்டபம் காலி பண்ணும்போது தான் தெரிஞ்சுது, அதுக்குள்ள வேன் போயிருச்சு. எனக்கு ஆளுக்கு நூறு இருநூறுன்னு மொத்தம் ஏழாயிரம் ஆச்சு, உன் பக்கம் கூட்டம் ஜாஸ்தி, பத்து பன்னெண்டாயிரம் ஆகும்னு வச்சுக்கோ. உனக்கு அது நூத்து சொச்சம் டாலர், ரொம்ப யோசிக்காத. ராத்திரி ரிசப்ஷன்னா இன்னொன்னும் பண்ணலாம், ஒரு வேன் பேசி துறையூர் முசிறி பசங்கள ஊர்ல கொண்டு விட்டுடலாம், கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு கார் பேசுற நேரத்துலயே அதையும் பேசிக்கலாம், என்ன சொல்ற?

தேதி முடிவானதும் ஒடனே போன் போடு. என் மச்சினனுக்கு பேங்க்ல ஆள் பழக்கம், நூறு ரூபா கட்டு ஒன்னு எடுத்து வைக்கச் சொல்றேன், கல்யாண சீசன்ல புது நோட்டு சட்டுனு கெடைக்க மாட்டேங்குது. தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்
பழைய ரூம்மேட்

பி.கு.: வரும்போது அந்த மூட்டுவலி தைலம் ரெண்டு டியூப் வாங்கிட்டு வா. வாசல்ல நின்ன கால் இன்னும் சரியாகல.