பக்கம் புரட்டப் போன கதை

உத்ரெக்ட், நெதர்லாந்து,
செப்டம்பர் 28

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் எப்படி இருக்கிறது? மாடி கேலரியில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியும் நீ ஏறியிருப்பாய், எனக்குத் தெரியும். நீ இல்லாவிட்டால் நம் கோயில் கொயரில் கீழ்க்குரல் பாடுகிற பேஸ் வரிசையில் மிச்சமிருக்கிற இரண்டு பேரும் மேல்குரல் டெனரோடு சேர்ந்து பாடிவிடுவார்கள் என்கிற கவலை நியாயம்தான். அதற்காக முழங்காலைக் கொடுக்க முடியுமா? கீழே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடு. உன் குரல் மேலே ஏறிப் போகும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். போன வருஷம் நான் அனுப்பிய புது இசைக் கச்சேரிப் பதிவைக் கேட்டுவிட்டு, "கதவு கிறீச்சிடுகிறது, ஒருத்தன் தகரத்தைப் பிறாண்டுகிறான், முடிந்ததும் எல்லாரும் கைதட்டுகிறார்கள். நிஜமாகவே ரசிக்கிறார்களா, நடிக்கிறார்களா?" என்று எழுதியிருந்தாய். உடனே பதில் எழுத வரவில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. போன சனிக்கிழமைதான் பதில் மாதிரி ஒன்று கிடைத்தது. அன்றைக்கு நான் சபையில் இல்லை. மேடையில், பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்தேன்.

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் பியானோ வாசிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள், என் மகள் வயது. ஃப்ளூட், கிளாரினெட், வயலின், செல்லோ வாசிக்கிற நாலு பேரோடு சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறாள். இந்த ஐந்து வாத்தியம் ஏன் என்று கேட்டால் எல்லாரும் ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கைத்தான் காட்டுவார்கள். 1912-ல் பெர்லினில் அவர் அரங்கேற்றிய 'பியரோ லூனேர்' ஒரு பெண் குரலுக்கும் இந்த ஐந்து பேருக்கும் எழுதியது. குரல் பாதி பேசும், பாதி பாடும். ஃப்ளூட்காரர் பிக்கலோவையும், கிளாரினெட்காரர் பாஸ் கிளாரினெட்டையும், வயலின்காரர் வியோலாவையும் மாற்றி மாற்றி எடுப்பதால் ஐந்து பேரிடமிருந்து எட்டு வாத்தியம் கேட்கும். சம்பளம் ஐந்து பேருக்கு, சத்தம் எட்டுக்கு. சிக்கனக்காரர்களுக்குப் பிடிக்காமல் போகுமா? 1967-ல் லண்டனில் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ், ஹாரிசன் பர்ட்விசில் என்ற இரண்டு இசையமைப்பாளர்கள் இதே கூட்டணியை வைத்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதற்குப் பெயரே பியரோ பிளேயர்ஸ். இன்றைக்கும் இசைக் கல்லூரிப் பிள்ளைகள் இந்த ஐவருக்கு எழுதிப் பார்க்காமல் தப்ப முடியாது.

"உனக்கு நோட்டேஷன் வாசிக்கத் தெரியுமே, சனிக்கிழமை பக்கம் புரட்ட வருகிறாயா?" என்று அந்தப் பியானோக்காரப் பெண் கேட்டாள். (இங்கே வயசு வித்தியாசமெல்லாம் கிடையாது, பெரும்பாலும் எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். முதலில் சுருக்கென்று இருந்தது, இப்போது பழகிவிட்டது.) நாம் 'டோ ரே மி' எழுத்து வைத்துப் பாடுகிற சோல்ஃபாவில் வளர்ந்தவர்கள். ஐந்து கோட்டு நோட்டேஷன் எனக்கு இங்கே வந்த பிறகுதான் கைவந்தது என்று அவளிடம் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் நிறையப் பேர் தாள் வைத்து வாசிப்பதில்லை. டேப்லெட்தான். காலடியில் ஒரு சின்ன பெடல், மிதித்தால் பக்கம் திரும்பும். ஆனால் அன்றைய நாலு படைப்பில் ஒன்றில் அவள் எழுந்து நின்று, பியானோவுக்குள் குனிந்து, கம்பிகளைக் கையால் மீட்ட வேண்டும். வலது காலைப் பியானோவின் பெடலிலிருந்து எடுக்க முடியாது, இடது காலில்தான் நிற்கிறாள். இன்னொரு மிதிக்குக் கால் இல்லை. அதனால் பழையபடி பெரிய தாள், பக்கத்தில் ஒரு ஆள்.

அந்தப் படைப்பை எழுதியது கொரியாவிலிருந்து இங்கே படிக்க வந்த பெண். 26 வயது. ஒன்பது நிமிஷப் படைப்பு. முதல் ரிகர்சலில் அவள் கையில் என்ன இருந்தது தெரியுமா? சுவரில் படம் ஒட்டுவோமே, அந்த நீலநிறப் பசை. அதைச் சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி உருட்டி, எந்தக் கம்பியில் எந்த இடம் என்று விரலால் தடவிப் பார்த்து ஒட்டினாள். ஒட்டின கம்பியின் கட்டையை அழுத்தினால் பியானோ சத்தமே வருவதில்லை. மரப்பெட்டியை விரல் மடக்கித் தட்டினது போல ஒரு 'டொக்'. அதற்குப் பின்னால் சுருதி மட்டும் மெலிசாகத் தெரிகிறது. உருண்டையைக் கொஞ்சம் நகர்த்தினால் அந்த 'டொக்' வேறாகிவிடுகிறது. இருபது நிமிஷம் இதுவே வேலை. செல்லோக்காரர் அதற்குள் ஒரு ஆப்பிளை முடித்துவிட்டார்.

பிறகு வாசித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், முதல் தடவை எனக்கு ஒன்றும் ஏறவில்லை. பார் (தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒவ்வொரு தாளக் கட்டம்) எண்ணுவதிலேயே உயிர் போனது. நாலு, மூன்று, திடீரென்று பதினாறில் ஏழு. 61-வது பாரில் கிளாரினெட்காரர் நிறுத்திவிட்டார். "இங்கே பாஸ் கிளாரினெட்டைக் கீழே வைத்து மற்றதை எடுக்க எனக்கு இரண்டு விநாடி கொடுத்திருக்கிறாய். அது ஆறிப்போயிருக்கும். ஊதிச் சூடாக்காமல் சுருதி நிற்காது" என்றார். கோபமில்லை, தச்சர் அளவு சொல்வது போலச் சொன்னார். அவள் பென்சிலை எடுத்து யோசித்தாள். கடைசியில், வாத்தியத்தை மாற்ற வேண்டாம், பாஸ் கிளாரினெட்டிலேயே மேல் ஸ்தாயியில் வாசித்துப் பாருங்கள் என்றாள். மேல் ஸ்தாயியில் பாஸ் கிளாரினெட் கொஞ்சம் திணறும், மூச்சுக் கலந்து வரும். வாசித்தார். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பு எழுதியிருந்ததைவிட அதுதான் நன்றாக இருந்தது. அந்த இடம் இப்போது அப்படியே ஸ்கோரில், அதாவது முழு இசைத்தாளில், ஏறிவிட்டது. இதைப் பார்க்கத்தான் மக்கா உயிரோடிருக்கிற இசையமைப்பாளர் வேண்டும். பீத்தோவனிடம் போய் இரண்டு விநாடி போதாது என்று சொல்ல முடியுமா?

இரண்டாவது ரிகர்சலில் ஒன்று பிடிபட்டது. பாஸ் கிளாரினெட்டின் அந்தத் திணறலை செல்லோ அப்படியே வாங்கிக்கொள்கிறது. வில்லைக் குதிரைக்கு (கம்பிகளைத் தாங்குகிற மரத்துண்டு) ஒட்டினாற்போல் வைத்து இழுக்கிறார், அதே மூச்சு கம்பியில் வருகிறது. எது முடிந்து எது ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. மூன்றாவது ரிகர்சலில் அந்த இடம் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன். வந்ததும் கழுத்தில் மயிர் சிலிர்த்தது.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான். முதல் தடவை கேட்கிறவன் ரசிப்பதும் இல்லை, நடிப்பதும் இல்லை. அவன் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை. மூன்று ரிகர்சல் உட்கார்ந்த எனக்குக் கிடைத்தது டிக்கெட் வாங்கி வருகிறவனுக்குக் கிடைப்பதில்லை. அவனுக்கு ஒரே ஒரு தடவை, அத்தோடு ஸ்கோர் அலமாரிக்குப் போய்விடும்.

இதை ஷோன்பெர்க் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார். 1918-ல் வியன்னாவில் ஒரு சங்கம் தொடங்கினார், புது இசையைத் தனிப்பட்ட முறையில் வாசித்துக் காட்டுவதற்காக. அதன் விதிகளைக் கேள்: பத்திரிகை விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. கைதட்டக்கூடாது, சீட்டியடித்துக் கலாட்டாவும் பண்ணக்கூடாது. இன்றைக்கு என்ன வாசிக்கப் போகிறோம் என்று முன்னாலேயே சொல்ல மாட்டார்கள். சொன்னால் பிடிக்காததற்கு ஆள் வராதே. முக்கியமாக, ஒரே படைப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். பணவீக்கம் கழுத்தை நெரித்து 1921 டிசம்பரில் நிறுத்தும் வரை 117 கச்சேரி. அவற்றில் வாசித்தது 154 படைப்புகள், வாசித்த தடவையோ 353. சராசரி போட்டால் ஒன்றுக்கு இரண்டு தடவைக்கு மேல் வருகிறது. முதல் கட்டத்தில் தன்னுடைய படைப்பை வாசிக்கக்கூடாது என்று ஒதுக்கியும் வைத்திருந்தார். அந்த ஒன்றுக்காகவே மனிதருக்கு ஒரு கும்பிடு.

இதைப் படித்ததும் எனக்கு யார் ஞாபகம் வந்தது? நம் கொயர் மாஸ்டர்தான். அந்தப் பழைய கீர்த்தனைக்குப் புது மெட்டுப் போட்டு வந்த வருஷம் நினைவிருக்கிறதா? "இருந்த ராகத்துக்கு என்ன கேடு" என்று கடைசி பெஞ்சிலிருந்து முணுமுணுப்பு. அவர் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறும் அதையே பாட வைத்தார். அதற்கடுத்த ஞாயிறும். நாலு வாரம் கழித்து, முணுமுணுத்த அதே பெரியவர் சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டே அந்த மெட்டை முனகியதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நாம் இரண்டு பேரும் கேட்டோம். நீ சிரித்த சிரிப்பில் அவர் திரும்பிப் பார்த்தார்.

கச்சேரிக்கு வருகிறேன். பழைய கோயில் ஒன்று, இப்போது ஆராதனை கிடையாது. அறுபது பேர் இருக்கலாம். கொரியப் பெண்ணின் படைப்பை முதலிலும் வாசிப்பது, கடைசியிலும் வாசிப்பது என்று குழு முடிவு செய்திருந்தது. நிகழ்ச்சித் தாளில் அது இரண்டு தடவை அச்சாகியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சிலர் அச்சுப்பிழை என்று நினைத்தார்கள்.

முதல் தடவை நான் காரியத்தைக் கெடுத்தேன். விரல் வறண்டு கிடந்தது, இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிட்டது. அவள் பியானோவுக்குள் தலையை விட்டிருக்கிறாள். நிமிர்ந்து தாளைப் பார்த்தவள், முகம் மாறாமல், உதடு மட்டும் அசைய, "பின்னால்" என்றாள். எனக்குக் காது வரை சூடு. ஒரு தாளைத் திருப்பினேன். அதற்குள் அவள் நாலு பாரை மனப்பாடமாகவே கடந்திருந்தாள். யாருக்கும் தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னாள். எழுதினவளுக்குத் தெரிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய கூத்து மணி. இந்த ஊர் டோம் கோபுரம் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன், 112 மீட்டர். கோயிலுக்கும் கோபுரத்துக்கும் நடுவில் இருந்த பகுதி 1674-ல் அடித்த புயலில் விழுந்துவிட்டது, இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. கோபுரத்து மணிக்கூட்டம் கால்மணிக்கு ஒரு தடவை தானாகவே ஒரு மெட்டு வாசிக்கும். (ஒரு காலத்தில் யாக்கோப் ஃபான் எய்க் என்கிற பார்வையற்ற கலைஞர் அந்தக் கோபுரத்தில் மணி வாசித்தார். 1649-ல் அவருக்குச் சம்பள உயர்வு கொடுத்தபோது, இதே ஊர் யான்ஸ்கெர்க் கோயிலின் தோட்டத்தில் உலாவ வருகிறவர்களுக்கு அவ்வப்போது குழலும் ஊத வேண்டும் என்று நிபந்தனை போட்டார்களாம். ஓவர்டைம் அப்போதே இருந்திருக்கிறது.) சரியாக எட்டேகாலுக்கு, செல்லோ மட்டும் நூல் மாதிரி ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில், மணி வாசிக்க ஆரம்பித்தது. செல்லோக்காரர் நிறுத்தவில்லை. கேட்டவர்கள் இதுவும் படைப்பில் சேர்த்தி என்றே நினைத்துவிட்டார்கள்.

நடுவில் வந்த மூன்றில் ஒன்று நன்றாக இருந்தது, ஃப்ளூட்டுக்கும் வயலினுக்கும் ஒரு சண்டை. ஒன்று சுமார். இன்னொன்றில் ஐந்து பேரும் தாளைக் கசக்கி, கிழித்து, காலால் தேய்த்தார்கள். அதை மூன்று ரிகர்சலிலும் கேட்டவன் நான், அதனால் சொல்ல உரிமை உண்டு: அதில் ஒன்றுமில்லை. திரும்பக் கேட்டால் எல்லாம் பிடித்துவிடும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்ளவும் இரண்டாம் தடவை வேண்டும்.

கடைசியில் அந்த ஒன்பது நிமிஷம் மறுபடி. விரலை ஈரப்படுத்திக்கொண்டேன், ஒழுங்காகப் புரட்டினேன். செல்லோவின் மெல்லிய சுருதி வந்தது, இந்தத் தடவை வெளியே நிசப்தம். கச்சேரி முடிந்து காபி குடிக்கும்போது ஒரு வயதான அம்மா என்னிடம், "இரண்டாவது தடவை மணி வரவில்லையே, ஏன்?" என்று கேட்டார். காத்திருந்திருக்கிறார், பார்த்தாயா! எழுதினவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பிறகு கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். மணியை ஸ்கோரில் சேர்க்கலாமா என்று யோசிக்கிறாள் என்று நினைக்கிறேன்.

இளசுகளுக்கு இந்த ஊர்ப்பக்கம் ராசி உண்டு. உத்ரெக்ட்டுக்குப் பக்கத்து பில்ட்ஹோவனில் கௌடேயாமுஸ் என்று ஒரு வீடு இருக்கிறது. வால்டர் மாஸ் என்ற ஜெர்மன் யூதர், நாஜிகளின் ஆக்கிரமிப்புக் காலத்தில் ஒளிந்திருந்து தப்பியவர், போர் முடிந்த 1945-ல் இளம் இசையமைப்பாளர்களுக்காக அங்கே ஆரம்பித்ததுதான் இன்றைய கௌடேயாமுஸ் அமைப்பு. 1957-லிருந்து பரிசும் கொடுக்கிறார்கள். 1985-ல் அதை வாங்கியவர் ஊன்சுக் சின், அவரும் கொரியர், அப்போது 24 வயது, மூன்று செல்லோவுக்கு எழுதியிருந்தார். 2024-ல் அவருக்கு ஜெர்மனியின் பெரிய பரிசான எர்ன்ஸ்ட் ஃபோன் ஸீமென்ஸ் இசைப் பரிசே கிடைத்துவிட்டது. நம் பெண்ணுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலரும்.

என் மனத்தாங்கல் ஒன்றுதான். புதிதாக எழுதச் சொல்லிப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், 'உலகில் முதல் முறையாக' என்று சுவரொட்டியில் போட்டுக்கொள்ளலாம். 'உலகில் ஏழாம் முறையாக' என்று எவன் போடுவான்? அமெரிக்காவில் க்ரோனோஸ் குவார்ட்டெட் (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நாலு பேர் குழு) ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஐம்பது புதுப் படைப்புகள் எழுத வைத்து, எந்த ஊர்ப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று ஸ்கோரை இலவசமாகவே வெளியிட்டுவிட்டார்கள். கீபோர்டு கிளாஸை விட்டுவிட்டு வயலினுக்கு மாறப்போவதாக உன் பேத்தி சொல்கிறாளாமே? இன்னும் பத்து வருஷத்தில் அவளுக்கு உதவும், குறித்து வை.

இந்தக் கடிதத்தோடு சனிக்கிழமைப் பதிவையும் உன் பையன் போனுக்கு அனுப்புகிறேன். மணி வந்த தடவையும் இருக்கிறது, வராத தடவையும் இருக்கிறது. முதல் தடவை கேட்டுவிட்டு எனக்கு எழுதாதே. நீ என்ன எழுதுவாய் என்று தெரியும். மூன்றாவது தடவை கேட்ட பிறகு எழுது, திட்டுவதாக இருந்தாலும்.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

உன் பழைய டெனர்