விந்தணு கவுண்ட் மாத்திரை கேட்டு வருபவரிடம் முதலில் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்து மெடிக்கல் கடைக்காரர்களுக்கு, வணக்கம்.

கல்யாணமாகி ஒரு வருசம் தாண்டினால் வீட்டில் பேச்சு கிளம்பிவிடும். மாப்பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். கடையில் கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்து வந்து, "அண்ணா, கவுண்ட் ஏற ஏதாச்சும் குடுங்ண்ணா" என்பார். நீங்களும் கோ-கியூ10, கார்னிடின், துத்தநாகம், செலினியம் கலந்த சத்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டி, "மூணு மாசம் சாப்பிட்டுப் பாருங்க" என்பீர்கள். அந்த மூணு மாசத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. ஆண்களுக்குத் தினம் 5 மி.கி. ஃபோலிக் அமிலமும் 30 மி.கி. துத்தநாகமும் ஆறு மாதம் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் 34 சதவீதம் பேருக்கும், வெற்று மாத்திரை விழுங்கியவர்களில் 35 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. எண்ணிக்கையும் அசைவும் கூடவில்லை. கூடியது அணுக்களின் டி.என்.ஏ. சிதைவும் வயிற்றுக்கோளாறும்தான்.

ஆகவே முதலில் விந்துப் பரிசோதனை. விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, முடிந்தவரை லேபிலேயே எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டோடு வைத்து அரை மணிக்குள், மிஞ்சினால் ஒரு மணிக்குள் சேர்க்கவேண்டும். ஆணுறையில் எடுத்ததும், எண்ணெயோ எச்சிலோ பட்டதும் உதவாது. முதல் சொட்டு சிந்திவிட்டால் லேபில் சொல்லிவிட வேண்டும். அணுக்கள் அதிகம் இருப்பது அதில்தான். மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், அவற்றில் அசைபவை 42 சதவீதம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழ்வரம்பு. குறைந்திருந்தால் இன்னொரு தடவை பார்க்கவேண்டும். ஓர் அணு உருவாகச் சுமார் 74 நாள் ஆவதால், கடும் காய்ச்சல் கண்டவருக்கு இரண்டு மூன்று மாதம் எண்ணிக்கை இறங்கியே இருக்கும். பிறகு அது தானாக ஏறும். பேர் மட்டும் உங்கள் மாத்திரைக்குப் போகும்!

வேலையையும் கேளுங்கள். விதைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்கவேண்டும். ஃபவுண்டரி உலையருகே நிற்பவருக்கு அது கஷ்டம். ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு மாசக்கணக்கில் வெளிமாநிலம் போகிறவருக்கோ கோளாறு விந்தில் இல்லாமலும் இருக்கலாம். கரு தரிக்கும் நாட்களில் அவர் ஊரிலேயே இல்லை.

ஜிம் ஊசி போட்டாரா என்று கட்டாயம் கேளுங்கள். அந்த ஊசியால் வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறினால், விந்தணு உருவாகத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்களை மூளை சுரக்கச் செய்வதைக் குறைத்துவிடும். கவுண்ட் பூஜ்யத்துக்கே இறங்கலாம். நிறுத்தினால் பெரும்பாலும் மீளும், ஆனால் ஆறு மாதமோ ஒரு வருசத்துக்கு மேலோ பிடிக்கும். கவுண்ட் குறைவுக்கே இந்த ஊசியைக் கேட்டு வருகிறவர்களும் உண்டு. தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் பூஜ்யம் என்றிருந்தால் அட்டையே வேண்டாம், நேராக யூராலஜி டாக்டரிடம் அனுப்புங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டி, ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால் இருவருமாக டாக்டரைப் பார்க்கட்டும். வியாபாரம் போய்விடுமே என்று யோசிக்க வேண்டாம். டாக்டர் எழுதிக்கொடுக்கும் மருந்தையும் அவர் உங்கள் கடையில்தான் வாங்கப்போகிறார்.

இப்படிக்கு,
விந்துப் பரிசோதனை லேபுகளில் வேலை பார்ப்பவர்கள்