கொடிக்குப் போர்வை

அன்புள்ள அம்மாவுக்கு,

போன தடவை போனில் நீ முதலில் விசாரித்தது என்னை அல்ல, மல்லிகையை. "இருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். அது பாதிப் பொய். நடந்ததை எழுதிவிடுகிறேன், திட்டுவதென்றால் ஒரேயடியாகத் திட்டிவிடு.

குண்டுமல்லி இந்தக் குளிரைத் தாங்காது. அது தொட்டியோடு வீட்டுக்குள் ஜன்னலோரம் சௌக்கியமாக இருக்கிறது. அடி வாங்கியது வெளியே பந்தலில் ஏற்றிய மல்லிகை. குளிரை ஓரளவு தாங்கும் வகை என்ற தைரியத்தில் விட்டுவிட்டேன்.

பஞ்சுபோலக் கொட்டுகிற பனிதான் செடிக்கு எமன் என்று நினைத்திருந்தேன். பாரத்தில் பந்தல் சரியுமே தவிர, அது வேருக்குப் போர்வை மாதிரி. கொல்வது உறைபனி. மேகமில்லாமல், காற்றசையாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற ராத்திரி இருக்கிறதே, அதுதான் ஆபத்து. பகலில் மண் வாங்கிய சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும். 0 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் இளந்தளிரில் இருக்கும் நீர் உறைந்துபோகும். விடிந்து பார்த்தால் வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டு கறுத்துக் கிடக்கும்.

நான் செய்த தப்பு பிளாஸ்டிக் தாள். கொடியோடு ஒட்டச் சுற்றினேன். உள்ளே வியர்த்து, அந்த ஈரமும் இலையோடு சேர்ந்து உறைந்தது. தாள் தொட்ட இடமெல்லாம் கறுப்பு. பக்கத்து வீட்டுப் பெரியவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. செடிக்குப் போர்த்துவதற்கென்றே இருக்கும் மெல்லிய வெள்ளைத் துணியை அவர்தான் காட்டினார். சதுர மீட்டருக்கு 17 கிராம்தான் எடை, காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும். லேசான உறைபனிக்கு ஒரு சுற்று, கடுமையானால் இரண்டு. இலையில் படாமல் குச்சி நட்டு, துணியைத் தரைவரை இறக்க வேண்டும். கதகதப்பு வருவதே மண்ணிலிருந்துதானே. அதனால்தான் முந்தின நாள் பகலில் தண்ணீர் விடவும் சொன்னார். குளிரில் தண்ணீரா என்று முழித்தேன். காய்ந்த மண்ணைவிட ஈரமண் சூட்டை அதிகம் பிடித்துவைத்து ராத்திரி விடுமாம்.

கோடை முடிவில் நான் தழைச்சத்து உரம் போட்டதும் தப்புத்தான். அதில் கிளம்பிய தளிர்தான் முதலில் போனது.

ரோஜாக் கொடிக்கு ஒரு குறையும் இல்லை. தூரைச் சுற்றி அரைச் சாண் உயரத்துக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டிருக்கிறேன், தண்டை ஒட்டாமல். ஒட்டினால் அழுகும். கிழக்குச் சுவரோரம்தான் செடிகளுக்குச் சரிப்படவில்லை. உறைந்த மொட்டைக் காலை வெயில் சட்டென்று இளக்கினால் சேதம் கூடிவிடுகிறது.

மல்லிகையில் கறுத்த கிளையை வெட்டிவிடக் கை துறுதுறுத்தது. பெரியவர் விடவில்லை. செத்த கிளை உள்ளே இருப்பதற்குக் குடையாம். இப்போது கவாத்து செய்தால் புதுத் தளிர் வரும், அடுத்த உறைபனி அதையும் கருக்கிவிடும். நேற்றுத் தூருக்குச் சற்று மேலே நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பச்சை! அந்த இடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஜன்னலில் நட்சத்திரம் தெரிகிறது. போர்த்திவிட்டு வருகிறேன், மீதி நாளைக்கு.

உன் மகள்